தலை தட்டாத சுண்டு

உன்னுடைய ரின்பால் தகரப் பேணி இப்போது என் மேசையில் இருக்கிறது, மச்சான். சுற்றியிருந்த படக் கடதாசி எப்போதோ உரிந்துவிட்டது. அடிவிளிம்பு துருப்பிடித்து, தொட்டால் செம்மண்ணைப் போல விரலில் ஒட்டுகிறது. உள்ளே மூக்கை வைத்தால் பழைய உப்பின் ஈர வாடை. ஒரு வெறும் பேணிக்குள் ஒன்பது வருடம் வாடை தங்கியிருக்குமா என்று படித்த மூளை கேட்கிறது. தங்கியிருக்கிறது.

போன சனிக்கிழமை உன் மனைவி என்னைப் பென்டில் ஹில் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். "இது இவற்ற கராஜுக்குள்ள கிடந்தது. எறிய மனம் வரேல்லை. என்னத்துக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை," என்று பேணியைக் கையில் தந்தார். தெரியும் என்றேன். பிறகு அழைத்த காரியத்தைச் சொன்னார். உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். தேவாரம், குடும்ப விபரம், பெறாமகள் எழுதிய கவிதை எல்லாம் வந்துவிட்டதாம். "பேராதனையில இவரோட ஒண்டாப் படிச்ச ஆள் இஞ்ச நீங்கள் ஒருத்தர்தான். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

நானும் நீயும் ஒன்பது வருடமாகப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்பது அன்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைக்கிறார்கள். அதே ஆட்கள்தான் உன் முப்பத்தோராம் நாளுக்கும் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு இந்த மலரைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஒரு பக்கத்தில் முடிக்க முடியாமல் எழுதுகிறேன்.

மலரில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அதில் போகிற எல்லோரும் சிரித்த முகமும் இன்சொல்லும் உடையவர்கள். எனக்கு அப்படி எழுத வராது. பேராதனையில் பொறியியல் இறுதிப் பரீட்சையில் நான் உனக்கு மேல். கட்டமைப்புப் பாடத்தை நீ என் குறிப்புகளை வைத்துத்தான் தேறினாய். சிட்னிக்கு வந்த பிறகு, மலைப்பக்கத்து விடுதிகளுக்குக் கூரை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் ஒரேயொரு இடம் வந்தது. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். அந்த அலுவலகத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் தலைவருக்கு ஆளைத் தெரியும். அவர் உனக்காக ஒரு வார்த்தை சொன்னார். எனக்காகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நீ, பனி விழும் கூரைகளுக்குக் கணக்குப் பார்க்கப் போனாய். நான் நகரசபையின் வடிகால் பிரிவுக்குப் போனேன். இன்றைக்கும் அங்கேதான். கூரையில் விழுந்த தண்ணீர் நிலத்துக்கு வந்தபிறகு எங்கே போகும் என்பது மட்டும் என் பொறுப்பு.

இதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. நீ மறந்தவன்போல என் வீட்டுக்கு வந்து, என் கதிரையில் இருந்து, என் மனைவி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மச்சான், பிள்ளையளுக்கு ஒரு வகுப்புத் தொடங்குவமோ?" என்று கேட்டாய்.

பாடசாலை ஓர் ஆரம்பப் பள்ளியின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பாடம் முடிந்தபின் ஒரு மணித்தியாலம் உனக்குக் கொடுத்தார்கள். 'கட்டிப் பார்' என்று பெயர் வைத்தாய். பத்து வயதிலிருந்து பதின்மூன்று வரை பதினாறு பிள்ளைகள். என் மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு. முதல் நாள் நான்கு ஐஸ்கிறீம் குச்சிகளை மூலைக்கு மூலை ஆணி குத்திச் சதுரமாக்கி, அவளிடம் கொடுத்து ஒரு விரலால் தள்ளச் சொன்னாய். அது படுத்துவிட்டது. மூன்று குச்சியை அப்படியே கோர்த்துக் கொடுத்தாய். அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை.

"பாத்தீங்களோ? சதுரத்துக்கு நாலு மூலை, நாலுக்கும் நாலு அபிப்பிராயம். எங்கட சங்கங்கள் மாதிரி. முக்கோணம் ஒரு சொல்லிலை நிக்கும்," என்றாய்.

பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. பின்வரிசையில் காத்துக்கொண்டிருந்த பெற்றோர்தான் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

நீ பனியைப் பற்றித்தான் படிப்பிக்கப்போகிறாய் என்றதும் நான் கேட்டேன், "சிட்னியில எங்கையடா ஸ்னோ? வெயிலைப் பற்றிப் படிப்பி, பிரயோசனப்படும்." நீ சொன்னாய், "காத்து வந்திட்டுப் போயிடும். ஸ்னோ வந்து இருக்கும். வந்து இருக்கிற பாரத்தைத் தாங்கிறதுதான் கூரைக்குக் கஷ்டம்." பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர் விடவில்லை. "பனிக்கு என்ன பாரம் தம்பி? விடியக் காலமை புல்லில கிடந்திட்டுப் போறதுதானே," என்றார். நீ அவரைத் திருத்தவில்லை. ஆடி மாதக் குளிருக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாய்.

முதல் முதலில் பனிக்குப் பதிலாக நீ கொண்டுவந்தது அரிசி. வெள்ளையாக இருக்கும், வீட்டில் இருக்கும் என்று நினைத்தாய். பிள்ளைகள் கட்டிய கூரைகள் ஒவ்வொன்றாக முறிய, அரிசி மண்டபம் முழுக்கச் சிதறியது. சப்பாத்துக் கால்கள் அதன்மேல் ஓடின. அதே அன்ரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அன்னத்தை மிதிச்சுப்போட்டு என்ன படிப்புத் தம்பி?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். நீ முழங்காலில் இருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாய். நான் உதவிக்கு வராமல் சுவரில் சாய்ந்து நின்று, "இதைத்தான் நான் முதலே சொன்னனான்," என்றேன். உண்மையில் நான் முதலே ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மறுவாரம் நீச்சல் குளத்துக்குப் போடும் உப்பு மூட்டை ஒன்றை உன் காரின் பின்னால் ஏற்றிவந்தாய்.

அளக்கும் விடயத்தில் மட்டும் நான் முதலே சொன்னேன். தராசு வை என்றேன். நீ கேட்கவில்லை. உன் வீட்டுக் குசினியில் அரிசி அளக்கும் சுண்டான இந்தப் பேணியைக் கொண்டுவந்தாய். "சுண்டு காணும் மச்சான். தராசு வைச்சால் பிள்ளையள் இலக்கத்தைத்தான் பாப்பினம், கூரையைப் பாக்க மாட்டினம்." பிறகு பிள்ளைகளுக்கு விதி சொன்னாய். "வீட்டில அம்மா அரிசியைக் குவிச்சுத்தான் அளப்பா. தலை தட்டி அளந்தால் வீட்டில நிறைவு இராது எண்டுவினம். அது சோத்துக்கு. இஞ்ச ஒவ்வொரு சுண்டும் தலை தட்டித்தான்." கோடு கீறும் அடிமட்டத்தை எடுத்துப் பேணியின் வாய்மேல் ஒரு இழுப்பு இழுத்தாய். மிகுதி உப்பு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் எல்லோரும் விரும்பினார்கள். சறுக்கென்று ஒரு சத்தம். அதன்பிறகு உப்பை இரண்டு பக்கச் சரிவிலும் சமமாகத் தூவ வேண்டும். ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் கூரை திருகி விழும் என்று படம் கீறிக் காட்டியிருந்தாய். "கனக்க ஸ்னோ விழுந்து உடைஞ்ச கூரையை விட, காத்து ஸ்னோவை ஒரு பக்கம் ஒதுக்கி உடைச்ச கூரைதான் கூட."

ஒரு குறும்பன் கோபுரம்போலச் செங்குத்தாக ஒரு கூரை கட்டிக்கொண்டு வந்தான். ஒரு கல் உப்புக்கூடத் தங்கவில்லை. எல்லாம் வழிந்து நிலத்தில். "நான் வின் பண்ணீட்டன் அங்கிள்," என்றான். நீ அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மறுவாரம் உப்பு வழியாமல் எல்லோருடைய தாழ்வாரத்திலும் மட்டை ஒட்ட வேண்டும் என்று புதுவிதி போட்டாய்.

அந்த ஆடி மாதம் வாக்குக் கொடுத்தபடி மலைக்குப் போனோம். இரண்டு குடும்பமும் ஒரே வான் வண்டியில், இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு. அந்த அன்ரிக்கு முழங்கால் வருத்தம், வரவில்லை. தெருவோரத்தில் புதிதாக விழுந்திருந்த பனியை ஆரணி இந்தப் பேணியில் நிரப்பினாள். நீ அவளைத் தலை தட்ட வைத்தாய். இன்னொரு பேணி நிறைய, ஒரு கொட்டிலின் நிழற்பக்கக் கூரையோரம் கிழமைக்கணக்காகக் கிடந்த பழம்பனியை நீயே வெட்டி எடுத்தாய். இரண்டையும் வண்டிக்குள் வரும் சூட்டுக் காற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தோம். புதுப்பனி உருகி அடியில் ஒரு மிடறு தண்ணீர்தான் மிஞ்சியது. பழையது அரைப் பேணிக்கு மேலே நின்றது.

"ஒரே பேணி, ஒரே வெள்ளை," என்றாய். "புதுசு பஞ்சு. கிடந்து கிடந்துதான் பாரம் ஏறும்."

ஆரணி இரண்டு பேணியையும் இரண்டு கையில் வைத்து நெடுநேரம் நிறை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி ஒன்றைக் கவனித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. வீட்டில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் கண் மணிக்கூட்டில் இருக்கும். அதுவும் எனக்கு உன்மேல் ஒரு குறைதான்.

வருட முடிவில் போட்டி வைத்தாய். ஆளுக்கு நாற்பது குச்சிக்கு மேல் இல்லை. பசை, நூல், மட்டை எவ்வளவும் பாவிக்கலாம். வீட்டில் கட்டலாம், ஆனால் பிள்ளையின் கை மட்டும். "அப்பாமார் கை வைக்கக்கூடாது. உங்களுக்குத்தான் சொல்லுறன்," என்று பின்வரிசையைப் பார்த்துச் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆரணி முப்பத்தொரு குச்சியில் கட்டினாள். இரண்டு சரிவுகள், நடுவில் முகடு. சரிவுகளின் கால்கள் வெளியே விலகாமல் கீழே குறுக்காக ஒரு குச்சி வைப்பார்கள் அல்லவா, அங்கே அவள் குச்சி வைக்கவில்லை. தாயின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, நாலு மடிப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள். எனக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. தலைவரின் பேத்தியும் போட்டியில் இருந்தாள். தலைவரும் முன்வரிசையில் இருப்பார். என் மகள் தையல் நூலில் கூரை கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நிற்பதா?

இந்த இடத்தில்தான் நான் ஒன்பது வருடமாகச் சொல்லாமல் விட்டது வருகிறது. மலரை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள். போட்டிக்கு முதல்நாள், வெள்ளி பின்னேரம், ஆரணி நீச்சல் வகுப்பில் இருந்தபோது, எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் அந்த நூலை வெட்டினேன். குறுக்கே இரட்டைக் குச்சிகளை ஒட்டினேன். மூட்டுகளின் உட்புறத்தில், வெளியே தெரியாமல், குச்சித் துண்டுகளை முக்கோணமாக அடைத்தேன். மொத்தம் ஒன்பது குச்சி. எண்ணினால் சரியாக நாற்பது வரும். கணக்குப் போட்டுத்தான் செய்தேன். பழைய குறிப்புப் புத்தகத்தைக்கூட எடுத்துப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் வடிவமைத்த ஒரே கூரை அது.

மறுநாள் காலை ஆரணி அதைத் தூக்கினாள். கவிழ்த்துப் பார்த்தாள். காரின் பின் ஆசனத்தில் வைத்து, அதற்கும் ஆசனப் பட்டி போட்டாள். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. போட்டி தொடங்க முதல் ஆரணி மேடையோரம் வந்து உன்னோடு ஏதோ பேசினாள். நீ குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ஏதோ விதியைக் கேட்கிறாள் என்று எண்ணினேன். ஒவ்வொரு கூரையாக முறிந்தது. தலைவரின் பேத்தியின் கூரை இருபத்துமூன்று சுண்டு தாங்கி இருபத்துநாலாவதில் விழுந்தது. கடைசி, ஆரணியுடையது. இருபத்திரண்டு சுண்டு வரைக்கும் ஒரு குச்சி முனகவில்லை. எனக்குத் தெரியும், முப்பது தாங்கும். நான் தலைவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்துமூன்றாவது சுண்டை நீ உப்பு மூட்டைக்குள் ஆழமாக விட்டு எடுத்தாய். அடிமட்டம் மேசையில் இருந்தது. நீ அதைத் தொடவில்லை. பேணியின் வாய்க்கு மேலே உப்புக் கோபுரமாக நின்றது. தூவவுமில்லை. கையை உயர்த்தி, இடப்பக்கச் சரிவில் மட்டும், ஒரே கொட்டாகக் கொட்டினாய். கூரை திருகி, முகட்டில் பிளந்து விழுந்தது. அதை எப்படி உடைப்பது என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

நான் எழும்பினேன். "நில்லு. மற்றப் பிள்ளையின்ரக்குத் தலை தட்டினாய். என்ர பிள்ளையின்ரக்கு ஏன் குவிச்சனி?"

"கை தவறிப் போச்சு மச்சான்."

"கை தவறேல்லை. உனக்கு வேலை எடுத்துத் தந்த மனிசனுக்கு நீ செய்யிற கைமாறு இது. பிள்ளையளின்ர விளையாட்டிலயும் உனக்கு வால்பிடிக்கோணும்."

தலைவர் திரும்பிப் பார்த்தார். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நீ ஆரணியை ஒரு தடவை பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒரு சொல் போதும் உனக்கு. 'அந்தக் கூரையைக் கவிழ்த்துப் பாருங்கோ' என்றால் போதும். நீ பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "போட்டி முடிஞ்சுது. எல்லாரும் உப்பைக் கூட்டுங்கோ," என்றாய்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பேத்திக்காகத்தான் செய்தாய் என்ற பேச்சு வந்ததும் தலைவரே உன்னிடமிருந்து விலகினார். அடுத்த தவணைக்கு 'கட்டிப் பார்' இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. விளையாட்டைக்கூட நேர்மையாக நடத்தத் தெரியாதவர் என்று கடை வாசலில், கோயில் வீதியில் சொன்னார்கள். நான் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன். ஆரணியைப் பாடசாலையிலிருந்து நிற்பாட்டினேன். கலியாண வீடுகளில் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஒருமுறை கோயில் தேரன்று வடத்துக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். "சுகமோ மச்சான்?" என்றாய். நான் வடத்தை விட்டுவிட்டு நடந்தேன்.

ஆரணி பல்கலைக்கழகம் போகவில்லை. தச்சுவேலை பழகப் போனாள். இப்போது மலைப்பக்கத்தில் விடுதிக் கூரைகளில் ஏறி நிற்கிறாள். இடம் கிடைக்க நற்சான்று எழுதிக் கொடுத்தது நீ என்று பிறகுதான் தெரியவந்தது. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன். படித்துக் கதிரையில் இருக்க வேண்டிய பிள்ளையைக் கூரையில் ஏற்றிவிட்டாய் என்றேன்.

உன் செத்தவீட்டுக்கு லிட்கம் மயான மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். முகம் பார்க்க வரிசையில் போகவில்லை. ஆரணி முன்னால் போய், உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்தபிறகு தன் யூட் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டாள். உள்ளே மரத்தூள் வாசனை. இரண்டாவது சிக்னலில் கேட்டாள்.

"ஏன் நீங்கள் முன்னுக்கு வரேல்லை?"

"பின்னுக்கு நிண்டாலும் செத்தவீடுதான்."

"அங்கிள் சீட் பண்ணேல்லை அப்பா."

"பழங்கதையை விடு பிள்ளை."

"நோ. ஐ டோல்ட் ஹிம். டெஸ்ட்டுக்கு முதல் நான்தான் போய்ச் சொன்னனான். இது என்ர இல்லை, அப்பா செய்தது, நான் வின் பண்ணக் கூடாது எண்டு."

எனக்கு உடனே வந்தது கோபம்தான். "அப்ப அவன் போட்டியில இருந்து எடுத்திருக்கலாமே. ஏன் நாடகம்?"

"அவர் கேட்டவர், எல்லாருக்கும் முன்னால சொல்லுவமோ எண்டு. நான் வேண்டாம் எண்டு அழுதனான். எல்லாரும் உங்களைப் பாப்பினம் எண்டு. 'சரி, நீ போய் இரு, நான் பாக்கிறன்' எண்டவர். அவ்வளவுதான்."

"ஒன்பது வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் எத்தினையோ தரம் அங்கிளிட்டச் சொன்னனான், நீங்களே அப்பாட்டச் சொல்லுங்கோ எண்டு. 'அது உன்ர கூரை, நீதான் சொல்லோணும்' எண்டுவார். எனக்குப் பயம். சொல்லியிருந்தா நீங்கள் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

எனக்குத் தெரியும் என்ன சொல்லியிருப்பேன் என்று. நீதான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்றிருப்பேன்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே சொன்னாள், "நூல் தாங்கியிருக்கும் அப்பா. அந்த இடத்தில இழுவைதானே. தள்ளுறது ஒண்டும் இல்லை. இழுவைக்கு நூல் காணும்."

அவள் சொன்னது சரி. முதலாம் வருடத்தில் படிப்பிக்கிற விடயம். இழுபடுகிற இடத்துக்கு விறைப்புத் தேவையில்லை, நூலே போதும். அது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உன் வகுப்பில் விளங்கியிருந்தது. உன்னைவிட அதிகப் புள்ளி எடுத்த எனக்கு அன்று விளங்கவில்லை. நான் வெட்டியது ஒரு தையல் நூலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

உன் மனைவி அன்று இரண்டு விடயம் கேட்டார். ஒன்று இந்த ஒரு பக்கம். மற்றது, பேணியை என் கையில் தந்தபிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது. "அண்டைக்கு ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு நான் எத்தினையோ தரம் கேட்டனான். சிரிச்சுப்போட்டு விட்டிடுவார். பிழை செய்த மனிசன் எண்டு நானும் மனசுக்குள்ள நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

அப்போது எனக்குத் தெரியும். ஆரணி சொல்லி இரண்டு கிழமை ஆகியிருந்தது. உன் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு, உன் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "தெரியாது," என்றேன்.

மச்சான், உன்னை ஒருமுறை மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் கள்ளன் ஆக்கினேன். அன்று எனக்கு உண்மை முழுக்கத் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம், பாதிதான் தெரியும் என்று. இந்த இரண்டாவது தடவைக்கு அதுவும் இல்லை.

ஆகவே எழுதுகிறேன். அந்தக் கூரை என் மகளுடையது அல்ல, என்னுடையது. விதியை மீறியது நான். நீ சுண்டைக் குவித்தது யாருக்கும் வால்பிடிக்க அல்ல. ஒரு பிள்ளை கேட்டதற்காகவும், அந்தப் பிள்ளையின் தகப்பன் எல்லோருக்கும் முன்னால் தலைகுனியாமல் இருப்பதற்காகவும் குவித்தாய். தலைவரும் அவரின் பேத்தியும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள்மேலும் நான் பழி போட்டேன். இந்த எழுத்தை உன் மனைவியிடம் வெறும் கடதாசியாக நீட்டிவிட்டு ஒளிந்துகொள்ள மாட்டேன். நாளை போய், அதே கதிரையில் இருந்து, அவர் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டுத்தான் இதைக் கொடுப்பேன். ஒரு வரியும் வெட்டாமல் போடும்படி கேட்பேன்.

இதை எழுதியதால் நான் நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. வேலை விடயத்தில் உன்னோடு எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அந்த இடம் எனக்கு வந்திருக்க வேண்டும். 'நான் உனக்காகவும் சொல்லச் சொல்லித் தலைவரைக் கேட்டனான்' என்று நீ ஒருதரம் சொல்லியிருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன், ஆனால் சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலம் கிடந்த பாரம் ஒரு மடலில் இறங்காது. பழம்பனியின் நிறை உனக்குத் தெரிந்ததுதான். அதையும் கூட்டித்தான் நீ என்னைக் கணக்கில் எடுத்திருப்பாய்.

பேணியை நான் கழுவவில்லை. துரு இன்னும் கொஞ்சம் தின்றால் அடி போய்விடும், அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. முப்பத்தோராம் நாளுக்கு ஆரணி வருகிறாள், இரண்டு நாள் நிற்பாள். அதே கூரையைத் திரும்பக் கட்டித் தருவாயா என்று தொலைபேசியில் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். அது எத்தனை சுண்டு தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். "ஓம். ஆனா உப்பை நான்தான் போடுவன்," என்றாள்.

முப்பத்தொரு குச்சி எண்ணி வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு அடிமட்டம், ஒரு புது நூல்கட்டை. நூலின் தாளை இன்னும் பிரிக்கவில்லை. அதை அவளே பிரிக்கட்டும்.